பிரஷ் படத்தை வெக்டர் ஆக்க: பயனுள்ள குறிப்புகள்

வீட்டிலிருந்தே ஸ்டிக்கர், துணிப்பை, அழைப்பிதழ் என்று செய்து விற்பவர்கள் பலரிடம் இன்று ஒரு ஐபேடோ பழைய லேப்டாப்போ இருக்கிறது. அதில் இலவசமாக இறக்கிய இலை பிரஷ், மை தெறித்த பிரஷ், சாக்பீஸ் பிரஷ் என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். திரையில் அழகாகத் தெரிந்த படத்தை அச்சுக் கடைக்குக் கொண்டுபோனால், "பிக்சல் உடையுது மேடம், வெக்டரா கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வருபவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். பிக்சல் படத்தை வெக்டராக மாற்றும் ட்ரேஸ் பட்டனை அழுத்துவது இதில் மிகச் சின்ன வேலை. அதற்கு முன்பு படத்தைத் தயார் செய்வதிலும் பிறகு சுத்தம் செய்வதிலும்தான் விஷயம் இருக்கிறது.

1. பிரஷ் என்பது உண்மையில் ஒரு சிறிய சாம்பல் நிறப் படம். அதை நெருக்கி நெருக்கி முத்திரை குத்திக்கொண்டே போவதுதான் நமக்குக் கோடாகத் தெரிகிறது. போட்டோஷாப்பில் எஃப்5 அழுத்தி, பிரஷ் செட்டிங்ஸில் ஸ்பேசிங்கை 150 சதவீதத்துக்கு ஏற்றி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முத்திரைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டால் எதை வெக்டர் ஆக்க வேண்டும் என்று முடிவு செய்வது எளிது. பல இடங்களில் பயன்படப்போகும் இலை, பூ, சாந்துப் பொட்டு போன்றவை என்றால் அந்த ஒற்றை முத்திரையை மாற்றுங்கள். கடைப் பெயரைத் தூரிகை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்றால், எழுதி முடித்த முழுக் கோட்டையும் மாற்றுங்கள்.

2. எல்லா பிரஷும் இதற்குச் சரிப்படாது. காய்ந்த தூரிகை, சாக்பீஸ், லினோகட், மை தெறிப்பு, இலை, சரிகை ஓரம் ஆகியவை நன்றாக வரும். மேகம், புகை, நீர்வண்ணம், ஓரம் மங்கலான ரவுண்டு பிரஷ் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அவற்றின் அழகு முழுவதும் அடர்த்தியிலிருந்து வெளிறலுக்கு மெல்ல இறங்குவதில் இருக்கிறது. ஒரே நிறத்தில் ட்ரேஸ் செய்த வெக்டரில் ஓரிடம் ஒன்று நிரம்பியிருக்கும், இல்லையேல் காலியாக இருக்கும். நீர்வண்ண பிரஷை வலுக்கட்டாயமாக மாற்றினால், சுவரில் ஈரம் பூத்த கறை மாதிரி ஒன்று கிடைக்கும். அதைப் பெரிய அளவு பிஎன்ஜி படமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

3. வேலையைத் தொடங்கும் முன் உரிமத்தைப் படியுங்கள். பிரஷைப் பயன்படுத்தி வரைந்த படத்தை விற்க அனுமதிக்கும் பலர், பிரஷ் முனையையே (முன்சொன்ன ஒற்றை முத்திரையை) பிரித்தெடுத்து வெக்டர் தொகுப்பாக விற்க அனுமதிப்பதில்லை. இரண்டும் வேறு வேறு. 'பர்சனல் யூஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் உங்கள் வீட்டுக் கொலுவுக்குச் செய்யலாம், விற்பனைக்கு ஆகாது.

4. போட்டோஷாப்பிலிருந்து முனையை எடுக்கும் முறை: வெள்ளைப் பின்னணியில் பெரிய கேன்வாஸ் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். நிறம் சுத்தக் கருப்பு. ஒபாசிட்டி, ஃப்ளோ இரண்டும் 100. பிரஷ் செட்டிங்ஸில் ஷேப் டைனமிக்ஸ், ஸ்கேட்டரிங், டிரான்ஸ்ஃபர் ஆகிய டிக்குகளை எடுத்துவிடுங்கள். சைஸ் பக்கத்தில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பிரஷ் அதன் அசல் அளவுக்கு வரும். இப்போது ஒரே ஒரு கிளிக், இழுக்க வேண்டாம். அடுத்த முனைக்கு நல்ல இடைவெளி விடுங்கள்.

டெக்ஸ்சர் டிக்கை மட்டும் யோசித்து எடுங்கள். சில பிரஷ்களில் அந்தச் சொரசொரப்பு முனையில் இருக்காது, டெக்ஸ்சரிலிருந்துதான் வரும். அதை எடுத்துவிட்டால் மொழுக்கென்று ஒரு வட்டம்தான் மிஞ்சும்.

5. புரோகிரியேட் பயன்படுத்துபவர்களுக்கு: பிரஷை ஷேர் செய்தால் கிடைக்கும் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். கணினியில் கோப்பின் பெயர் முடிவை '.ஜிப்' என்று மாற்றித் திறந்தால் உள்ளே ஷேப், கிரெயின் என்ற பெயர்களில் படங்கள் இருக்கும். புரோகிரியேட்டின் சொந்த நூலகத்துப் படங்களை வைத்துச் செய்த பிரஷ் என்றால் அவை இல்லாமலும் போகலாம். இங்கே வெள்ளைதான் மை, கருப்பு காலி இடம். ட்ரேஸ் செய்யும் முன் இன்வெர்ட் செய்ய மறக்காதீர்கள். கிரெயினை விட்டு ஷேப்பை மட்டும் எடுத்தால் முன்சொன்ன மொழுக்கு வடிவமே கிடைக்கும். அப்படியானால் 4,000 பிக்சல் கேன்வாஸில் கருப்பில் முத்திரை குத்தி, அதையே பிஎன்ஜியாக வெளியே எடுத்துவிடுங்கள்.

6. போட்டோஷாப் இல்லையா? ஏபிஆர் என்ற போட்டோஷாப் பிரஷ் கோப்பை ஜிம்ப் மென்பொருளின் பிரஷஸ் ஃபோல்டரில் போட்டு ரெஃப்ரெஷ் செய்தால் போதும். கிரிட்டாவும் திறக்கும். இரண்டும் இலவசம். ஜிம்ப்பில் பென்சில் கருவியால் குத்தாமல் பெயின்ட்பிரஷ் கருவியால் குத்துங்கள். பென்சில் ஓரத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும்.

7. முனை சிறியதாக இருந்தால் முதலில் ஊதிப் பெரிதாக்க வேண்டும். பழைய இலவசத் தொகுப்புகளில் 200, 300 பிக்சல் அகலத்தில்தான் முனைகள் இருக்கும். அதை அப்படியே ட்ரேஸ் செய்தால் ஒவ்வொரு பிக்சலும் ஒரு படியாகப் பதிவாகும். இமேஜ் சைஸில் 400 சதவீதம் போட்டு, ரீசாம்பிளில் பைகியூபிக் ஸ்மூதரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு காசியன் பிளர் ஒன்றரை அல்லது இரண்டு பிக்சல். படம் மங்கலாகத் தெரியும், பதற வேண்டாம். அடுத்த குறிப்பில் சொல்லும் த்ரெஷோல்ட் வேலை அந்த மங்கலின் நடுவே ஒரு வழவழப்பான ஓரத்தை வெட்டித் தரும். 'பிரிசர்வ் டீட்டெய்ல்ஸ்' என்று இன்னொரு வசதி ஆசை காட்டும். புகைப்படத்துக்கு அது நல்லது. இங்கே தேவையில்லாத பிசிறைக் கூட்டும்.

8. மொத்த வேலையின் தலைவிதியும் த்ரெஷோல்ட் எண்ணில்தான் இருக்கிறது. இமேஜ் மெனுவில் அட்ஜஸ்ட்மென்ட்ஸ் போய் த்ரெஷோல்டைத் திறந்தால் 128 என்று நிற்கும். அதைவிட வெளிச்சமான பிக்சல் எல்லாம் வெள்ளை, மற்றவை கருப்பு. எண்ணைக் குறைத்தால் கோடு மெலியும், கூட்டினால் பருக்கும்.

காய்ந்த தூரிகை இழுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மை கெட்டியாக இருக்கும்; வால் பகுதியில் தனித்தனி மயிர்க்கோடுகளாகப் பிரிந்து ஓடும். எண்ணை 80, 90-க்கு இறக்கினால் வால் துண்டு துண்டாக அறுந்து புள்ளிகளாகிவிடும். 190-க்கு ஏற்றினால் மயிர்க்கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடுக்குகள் அடைபட்டு, தார் பூசியது போல் ஒரே கட்டியாகும். நடுவில் ஓரிடத்தில் வாலும் பிரிந்திருக்கும், கோடும் அறாமல் இருக்கும். அந்த எண் பிரஷுக்கு பிரஷ் மாறும். கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதுவும் திரையில் முழுப் படத்தையும் அடக்கிப் பார்க்காமல், 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வாலின் நுனியைப் பாருங்கள்.

தலைக்கு ஓர் எண்ணும் வாலுக்கு ஓர் எண்ணும் தேவைப்பட்டால், படத்தை இரண்டு லேயராக நகல் எடுத்து, தனித்தனியாக த்ரெஷோல்ட் போட்டு, மாஸ்க் கொண்டு ஒட்டிவிடலாம். பத்து நிமிட வேலைதான். பின்னால் வெக்டர் ஓரத்தின் புள்ளிகளை (நோடு) ஒவ்வொன்றாகத் திருத்தும் ஒரு மணி நேரம் மிச்சம்.

9. இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் செய்ய: படத்தை இம்போர்ட் செய்து தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் + ஆல்ட் + பி. சிங்கிள் ஸ்கேனில் பிரைட்னஸ் கட்ஆஃப் போதும். உள்ளே இயங்குவது போட்ரேஸ் என்ற கருவி. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் பீட்டர் செலிஞ்சர் எழுதியது. அதற்குக் கருப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். சாம்பலைக் கொடுத்தால் ஓரிடத்தில் வெட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அந்த வெட்டை 8-ஆம் குறிப்பின்படி நாமே செய்துவிட்டால் முடிவு நம் கையில்.

அப்ளை அழுத்தியதும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நடந்திருக்கும். புதிய வெக்டர் பழைய படத்தின் மேலேயே அச்சாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து ஓரமாக நகர்த்தி, அடியில் இருக்கும் பிக்சல் படத்தை டெலீட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் சேமித்த கோப்புகள்தான் கடையில் 'உடைகிற' எஸ்விஜிகளில் பல.

10. இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் ட்ரேஸ் பேனலைத் திறந்து மோடை பிளாக் அண்ட் வைட் ஆக்குங்கள். பாத்ஸ், கார்னர்ஸ், நாய்ஸ் மூன்றையும் நகர்த்திப் பார்க்கலாம். இத்தனை பிக்சலுக்குக் குறைந்த துணுக்கை விட்டுவிடு என்று சொல்வதுதான் நாய்ஸ். அட்வான்ஸ்டு பகுதியில் 'இக்னோர் வைட்' டிக் செய்வது கட்டாயம். சில பதிப்புகளில் அது 'இக்னோர் கலர்' என்று இருக்கும். செய்யாவிட்டால் இலையின் நரம்பு இடுக்குகளில் எல்லாம் வெள்ளை வடிவங்கள் நிரம்பி உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் தாளில் தெரியாது. மெரூன் நிறத் துணிப்பையில் அச்சடித்த பிறகு பல் இளிக்கும். கடைசியில் எக்ஸ்பேண்ட் அழுத்தினால்தான் அது உண்மையான பாத் ஆகும்.

11. கோரல் டிராவில் பிட்மேப்ஸ் மெனுவில் அவுட்லைன் ட்ரேஸ், அதில் லைன் ஆர்ட். 'ரிமூவ் பேக்கிரவுண்ட்' டிக் இருக்கட்டும். சென்டர்லைன் ட்ரேஸ் பக்கம் போகாதீர்கள். அது கோட்டின் நடு முதுகை மட்டும் ஒற்றை இழையாக எடுக்கும். தூரிகையின் தடிப்பு, மெலிவு எல்லாம் போய்விடும். செதுக்கு வேலைக்கு ஒற்றைக் கோடு வேண்டும் என்பவர்களுக்கு அது.

12. நோடுகளை எண்ணிப் பாருங்கள். கோரலில் எஃப்10 அழுத்தி வடிவத்தைத் தொட்டால் கீழ்ப்பட்டையில் எண்ணிக்கை தெரியும். இங்க்ஸ்கேப்பில் நோடு கருவியை எடுத்து கன்ட்ரோல் + ஏ. இல்லஸ்ட்ரேட்டரில் டாகுமென்ட் இன்ஃபோ பேனல். ஒரு சாதாரண இலைக்கு 60, 80 நோடு தாராளம். 2,000 என்று வந்தால் ட்ரேஸ் தவறு; சுத்தம் செய்யப் போகாமல், 7-ஆம் குறிப்புக்குத் திரும்பிப் போங்கள்.

நோடு அதிகமானால் என்ன, பார்க்க ஒன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரிடம் கேட்டுப் பாருங்கள். பிளேடு ஒவ்வொரு நோடிலும் திசை மாறும். அடர்த்தியான இடத்தில் தயங்கித் தயங்கி ஓடி, வினைலின் ஓரத்தைக் கடித்து வைக்கும். மெல்லிய தாள் என்றால் கிழித்தே விடும். பெரிதாக்கும்போதும் இதே கதைதான். வெக்டரைக் கடை ஷட்டர் அகலத்துக்கு இழுத்தாலும் பிக்சல் உடையாது, உண்மை. ஆனால் மோசமான ட்ரேஸின் கோணலும் கூடவே ஷட்டர் அகலத்துக்கு வளரும். கைபேசி அளவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிவு, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்.

குறைப்பதற்கு இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் + எல், ஒரே ஒரு முறை. அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் முரட்டுத்தனமாகக் குறைக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அழுத்துங்கள், சற்று நிறுத்துங்கள், பாருங்கள், பிறகு வேண்டுமானால் மீண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ஆப்ஜெக்ட், பாத், சிம்ப்ளிஃபை. அதில் பழைய பாத்தையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். எங்கே விலகுகிறது என்று பார்த்துக்கொண்டே குறைக்கலாம். கோரலில் ஷேப் கருவியிலேயே 'ரெடியூஸ் நோட்ஸ்' உண்டு.

13. தமிழ் எழுத்து என்றால் கூடுதல் கவனம் தேவை. ண, ழ போன்றவற்றின் சுழிகள் சிம்ப்ளிஃபையில் முதலில் பலியாகும். சுழியின் உள் ஓட்டை சுருங்கிப் பொட்டாகிவிடும், அல்லது அடைந்தே போகும். எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, நேரான இழுப்புகளுக்கு மட்டும் சிம்ப்ளிஃபை போடுங்கள். சுழியைக் கையால் திருத்துங்கள்.

இங்க்ஸ்கேப்பில் பிரிக்க 'பிரேக் அபார்ட்' போட்டவுடன் ஓட்டைகள் எல்லாம் கருப்பாக நிரம்பும். வெளி வடிவத்தையும் ஓட்டையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + கே அழுத்தினால் ஓட்டை திரும்ப வரும்.

ஸ்டென்சில் வெட்டுவதானால் இன்னொன்று: ம, வ போன்ற எழுத்துகளின் மூடிய வளையத்துக்குள் இருக்கும் துண்டு பிடிப்பில்லாமல் கீழே விழுந்துவிடும். வளையத்தின் குறுக்கே மெல்லிய பாலம் ஒன்று விடுங்கள். தூரிகை இழுப்பின் போக்கிலேயே அந்தப் பாலத்தைச் சாய்த்து வைத்தால் அதுவும் பிரஷ் கீற்று மாதிரியே தெரியும்.

14. தூசித் துணுக்குகளை எதற்காகச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்து நீக்குங்கள். ஆஃப்செட்டிலோ டிஜிட்டலிலோ அச்சடிக்க என்றால் மை தெறிப்பின் பொடிகள் இருந்தால்தான் உயிர். வினைல் வெட்ட என்றால் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் வேண்டாம். வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது அவை எப்படியும் கூடவே வந்துவிடும்.

15. வெக்டர் ஆன முனையை மீண்டும் பிரஷ் ஆக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் வடிவத்தைச் சுத்தக் கருப்பாக வைத்து பிரஷஸ் பேனலுக்குள் இழுத்துப் போடுங்கள். இலை, பூ போன்ற சிதறலுக்கு ஸ்கேட்டர் பிரஷ். நீளமான இழுப்புக்கு ஆர்ட் பிரஷ். கலரைசேஷனில் 'டின்ட்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால்தான் பிறகு ஸ்ட்ரோக் நிறத்தை மாற்றும்போது பிரஷும் நிறம் மாறும். இதை விட்டுவிட்டு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிரஷ் செய்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஆர்ட் பிரஷில் 'ஸ்ட்ரெச் பிட்வீன் கைட்ஸ்' வசதியும் இருக்கிறது. தலையும் வாலும் இழுபடாமல் அப்படியே நிற்க, நடுப்பகுதி மட்டும் நீளும். காய்ந்த தூரிகைக்கு இதுதான் சரி.

இங்க்ஸ்கேப்காரர்கள் வடிவத்தை காப்பி செய்து, பென்சில் கருவியை எடுத்து, ஷேப் என்ற இடத்தில் 'ஃப்ரம் கிளிப்போர்டு' கொடுத்து வரையலாம்.

16. கடைக்கு அனுப்பும் முன் எக்ஸ்பேண்ட் அப்பியரன்ஸ் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வடிவங்களை ஒன்றாக்குங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட், இங்க்ஸ்கேப்பில் யூனியன், கோரலில் வெல்ட். அச்சுக்கு இது பெரிய விஷயமில்லை. பிளாட்டருக்கு இதைச் செய்யாவிட்டால் உள்ளே மறைந்திருக்கும் ஒவ்வொரு ஓரத்தையும் வெட்டி, இலையைக் கொத்துமல்லி ஆக்கிவிடும்.

17. போலி வெக்டரைக் கண்டுபிடிப்பது எப்படி? கோப்பு எஸ்விஜி என்பதாலேயே அது வெக்டர் ஆகிவிடாது. பிக்சல் படத்தை அப்படியே உள்ளே அடைத்தும் எஸ்விஜி செய்யலாம். எஸ்விஜி என்பது 2001-ல் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட தரம், அடிப்படையில் வெறும் எழுத்துக்கோப்பு. நோட்பேடிலேயே திறக்கும். திறந்து, 'பேஸ்64' என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். அதைத் தொடர்ந்து பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துக் குவியல் வந்தால் உள்ளே பிக்சல் படம் ஒளிந்திருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஒய் அழுத்தினாலும் தெரிந்துவிடும்: உண்மையான வெக்டர் மெல்லிய கோடுகளாக மாறும், பிக்சல் படம் வெறும் கட்டமாக நிற்கும்.

செயலியின் பெயரை நம்பியும் ஏமாறலாம். அஃபினிட்டி டிசைனரில் 'வெக்டர் பிரஷ்' என்று இருப்பவற்றில் பாதை மட்டும்தான் வெக்டர். அதன் மேல் படர்ந்திருக்கும் தூரிகைத் தோற்றம் பிக்சல் படம். அடோபி ஃப்ரெஸ்கோவில் பிக்சல் பிரஷ், லைவ் பிரஷ், வெக்டர் பிரஷ் என்று தனித்தனியாக இருக்கின்றன. முதல் இரண்டில் வரைந்துவிட்டு வெக்டர் கேட்கக் கூடாது. இல்லஸ்ட்ரேட்டரிலேயே 2013 முதல் பிரஷுக்குள் புகைப்படத்தை வைக்க முடியும் என்பதால், இறக்கிய பிரஷ் தொகுப்புகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

18. சாம்பல் நிறம் கொஞ்சமாவது வேண்டும் என்றால் இரண்டு வழி. இங்க்ஸ்கேப்பில் மல்டிபிள் ஸ்கேன்ஸ் கொடுத்து மூன்று அடுக்காக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறத்தின் வெவ்வேறு அழுத்தம் தரலாம். சுவரொட்டித் தோற்றம் வரும். இல்லையென்றால் போட்டோஷாப்பில் கிரேஸ்கேல் ஆக்கி, மோடை பிட்மேப்புக்கு மாற்றும்போது 'ஹாஃப்டோன் ஸ்கிரீன்' தேர்ந்தெடுத்தால் சாம்பல் எல்லாம் புள்ளிகளாகும். அதை ட்ரேஸ் செய்தால் டீ-சர்ட் ஸ்கிரீன் பிரின்டிங்குக்கு ஒரே நிற மையில் மங்கல் கிடைக்கும். புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஸ்கிரீன் போடுபவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அவருடைய துணிவலைக்கு அடங்காத புள்ளி வீண்.

19. யாருக்கு எந்தக் கோப்பு: அச்சகத்துக்கு பிடிஎஃப். கிரிக்கட் என்ற வெட்டும் இயந்திரத்துக்கு எஸ்விஜி. சில்லவுட் இயந்திரத்தின் இலவச மென்பொருள் எஸ்விஜியைத் திறக்காது; அதற்கு டிஎக்ஸ்எஃப் கொடுங்கள். நம் ஊர் டிடிபி கடைகளில் கோரல் பழைய பதிப்பாக இருப்பது சகஜம். சேவ் ஆஸ் பெட்டியில் வெர்ஷன் என்ற இடத்தில் குறைத்துச் சேமித்துக் கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம். அளவை சென்டிமீட்டரில் ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கிடுகிறது, இல்லஸ்ட்ரேட்டர் 72 என்கிறது. ஒன்றில் செய்தது இன்னொன்றில் அளவு மாறித் திறக்க வாய்ப்புண்டு.

20. த்ரெஷோல்ட் போடும் முன்பு இருந்த சாம்பல் படத்தை அழிக்காதீர்கள். ட்ரேஸ் செய்த கோப்பின் பெயரிலேயே எண்களை எழுதி வையுங்கள்: 'வேப்பிலை 140 நாய்ஸ் 12' என்பது போல. அதே தொகுப்பின் அடுத்த இலைக்கு அங்கிருந்தே தொடங்கலாம்.